நண்பர்கள் அறுபது பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு மாஸ்டடான் சர்வர் நடத்துவது எப்படி?

கேள்வி: நாங்கள் ஒரு வாசிப்பு வட்டம், ஏறக்குறைய அறுபது பேர். பெரிய நிறுவனங்களின் சமூக வலைத்தளங்களை விட்டு வெளியே வந்து, மாஸ்டடானில் சொந்த சர்வர் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். எங்களில் ஒருவருக்கு லினக்ஸ் நன்றாகத் தெரியும். செலவு என்ன ஆகும், வேலை எவ்வளவு இருக்கும், மட்டுறுத்தலை (புகார்களைப் பார்த்து நடவடிக்கை எடுப்பதை) எப்படிச் செய்வது?

பதில்:

தாராளமாக வைக்கலாம். மாஸ்டடான் என்பது ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளம் நடத்த உதவும் ஒரு கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் அதை ஓட்டலாம், அந்த சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், சரி. ஒரு புகார் வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து படித்து முடிவெடுக்க யார் இருக்கிறார்கள்? அப்படி மூன்று பேராவது கிடைத்த பிறகு தொடங்குங்கள். நானும் இரண்டு நண்பர்களும் சில வருடங்களாக ஒரு சிறிய சர்வரைக் கவனித்து வருகிறோம். ஒரு சர்வரில் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதை அதன் ரேம் முடிவு செய்வதில்லை, மட்டுறுத்துநர்கள் ஒதுக்கும் நேரம்தான் முடிவு செய்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இயந்திரப் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அறுபது பேருக்கு 4 ஜிபி ரேம் உள்ள ஒரு வாடகை சர்வர் போதும். நிறுவனத்தைப் பொறுத்து மாதம் ஐந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை ஆகலாம். அதோடு டொமைன் கட்டணம், மின்னஞ்சல் அனுப்பும் சேவை, படங்களைச் சேமிக்க இடம். படங்கள் விஷயத்தில்தான் புதியவர்கள் திகைப்பார்கள். நீங்கள் பின்தொடரும் வெளி ஆட்களின் படங்களும் வீடியோக்களும் உங்கள் வட்டுக்கு நகலாகி வந்துகொண்டே இருக்கும், சில வாரங்களில் பல ஜிபி சேர்ந்துவிடும். வெளியிலிருந்து வந்த நகல்களை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதே என்று நிர்வாகப் பக்கத்திலேயே சொல்லிவைக்கலாம். முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள். மாஸ்டடானே கனமாகத் தெரிந்தால் கோடுசோஷியல் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. மிகக் குறைந்த ரேமில் ஓடும், மாஸ்டடான்காரர்களோடு பேசும். ஆனால் அதில் மட்டுறுத்தல் வசதிகள் குறைவு. அறுபது பேர் என்றால் மாஸ்டடானையே பரிந்துரைப்பேன்.

டொமைனை ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. உங்கள் பயனர்களின் அடையாளம் அந்தப் பெயரோடுதான் மற்ற எல்லா சர்வர்களிலும் பதிவாகியிருக்கும். அதனால் வேடிக்கைக்காகவோ மலிவாகக் கிடைக்கிறது என்றோ ஏதோ ஒரு நாட்டின் குறியீட்டில் முடியும் டொமைனை வாங்காதீர்கள். குவீர் டாட் ஏஎஃப் என்று ஒரு மாஸ்டடான் சர்வர் இருந்தது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் குறியீடு. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசின் கீழ் இருந்த பதிவகம் அந்த டொமைனை முடக்கியது, சர்வர் அந்தப் பெயரில் அதோடு போயிற்று. அதற்கு முந்தைய வருடம் மாலி நாடு டாட் எம்எல் டொமைன்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டபோதும் சில சர்வர்கள் இப்படிப் பெயரை இழந்தன.

லினக்ஸ் தெரிந்த நண்பருக்கு உண்மையான வேலை நிறுவிய பிறகுதான். மாஸ்டடானில் ஒருவர் எழுதும் ஒவ்வொரு பதிவும், அவரைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். அதைச் செய்வது சைட்கிக் என்ற பின்னணி நிரல். அது வரிசை வரிசையாக வேலைகளை எடுத்துச் செய்யும்: வெளியே அனுப்ப ஒரு வரிசை, உள்ளே வருவதை வாங்க ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, நேரம் குறித்த வேலைகளுக்கு ஒன்று. சர்வர் திணறும்போது இணையப் பக்கம் வழக்கம்போலத் திறக்கும், எழுதினால் பதிவும் ஆகும். ஆனால் பதிவுகள் வெளியே போய்ச் சேர அரை மணி, ஒரு மணி என்று தாமதமாகும். பயனர்கள் "யாருமே எனக்குப் பதில் போடுவதில்லை" என்பார்கள். உங்கள் நண்பர் தினமும் பார்க்க வேண்டிய எண், வரிசையில் காத்திருக்கும் வேலையின் தாமதம். நேரம் குறித்த வேலைகளுக்கான வரிசை மட்டும் ஒரே ஒரு செயல்முறையில் ஓட வேண்டும், இரண்டில் ஓடக்கூடாது. வேகம் போதவில்லை என்று எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

2022 அக்டோபர் இறுதியில் இலான் மஸ்க் ட்விட்டரை வாங்கிய பிறகு கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தபோது இதெல்லாம் பகிரங்கமாகவே நடந்தது. ஹேக்கிடெர்ம் என்ற சர்வர் ஒருவரின் வீட்டு நிலவறையில் இருந்த கருவிகளில் ஓடிக்கொண்டிருந்தது. சில நூறு பேராக இருந்தவர்கள் சில வாரங்களில் முப்பதாயிரம் ஆனார்கள். வட்டுகள் மெல்ல மெல்லப் பழுதாகத் தொடங்க, ஒரு வட்டின் மந்தத்தால் டேட்டாபேஸிலிருந்து படங்கள் வரை எல்லாமே தேங்கின. அங்கே கைதேர்ந்த பொறியாளர்கள் பலர் இருந்தார்கள். அப்படியும் ஓடிக்கொண்டிருந்த சர்வரை ஜெர்மனியில் உள்ள வாடகைக் கருவிகளுக்கு மாற்றுவது பெரிய பாடாகத்தான் இருந்தது. என்ன நடந்தது என்பதை அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டது எல்லா அட்மின்களுக்கும் செய்த உதவி.

பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடவே கூடாது. 2023 ஜூலையில் வெளியான ஒரு ஓட்டையின் கதையைக் கேளுங்கள்: ஒரு பதிவோடு பிரத்யேகமாகத் தயாரித்த ஒரு மீடியா கோப்பை இணைத்தால், சர்வரில் நினைத்த இடத்தில் கோப்பை உருவாக்க முடியும். அதாவது சர்வரையே கைப்பற்றலாம். மொஸில்லா கேட்டுக்கொண்டு நடந்த ஒரு தணிக்கையில் அது கண்டுபிடிக்கப்பட்டு, 4.1.3 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. 2024 பிப்ரவரியில் இன்னொன்று: வெளியிலிருந்து யாருடைய கணக்காகவும் வேடம் போட முடியும் என்ற நிலை. 4.2.5 பதிப்பு வந்த அன்று விவரங்களை வெளியிடாமல், அட்மின்கள் புதுப்பித்துக்கொள்ள இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் உங்கள் நண்பர் தேனிலவுக்குப் போயிருந்தால்? அதனால்தான் சர்வருக்குள் நுழையத் தெரிந்த இன்னொருவர் கட்டாயம் வேண்டும் என்கிறேன். பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸை மட்டும் எடுத்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். ரகசியச் சாவிகள் இருக்கும் அமைப்புக் கோப்பும் பயனர்கள் ஏற்றிய படங்களும் சேர்ந்தால்தான் அது பேக்கப். எடுத்ததை வேறொரு கருவியில் விரித்துப் பார்த்து, உண்மையிலேயே எழுந்து ஓடுகிறதா என்று சோதியுங்கள்.

சரி, மட்டுறுத்தலுக்கு வருவோம்.

முதல் முடிவு, கதவை எவ்வளவு திறப்பது. உங்களுக்கு என் பதில்: யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று திறந்து வைக்காதீர்கள். அழைப்பு இணைப்பு கொடுத்துச் சேருங்கள். எத்தனை பேர் பயன்படுத்தலாம், எவ்வளவு நாளில் காலாவதியாகும் என்று அந்த இணைப்பிலேயே குறிக்கலாம். அல்லது விண்ணப்பித்துக் காத்திருக்கும் முறையை வையுங்கள். 2024 பிப்ரவரியில் ஃபெடிவர்ஸ் முழுக்க, அதாவது இப்படி ஒன்றோடொன்று பேசும் சர்வர்களின் வலை முழுக்க, ஒரு ஸ்பேம் அலை அடித்தது. ஜப்பானில் இளைஞர்களுக்குள் இருந்த தகராறில் தொடங்கியது அது. யாரும் கணக்குத் தொடங்கலாம் என்று திறந்திருந்த, அட்மின் கவனிக்காமல் கிடந்த சிறிய சர்வர்களைத் தேடிப்பிடித்து, தானியங்கி நிரலால் கணக்குகளைத் தொடங்கி, அங்கிருந்து எல்லோரையும் குறிப்பிட்டுக் குப்பையைக் கொட்டினார்கள். அட்மின் எட்டிப்பார்க்காத சர்வர்கள் பலவற்றை மற்றவர்கள் தடைசெய்ய வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மாஸ்டடானே மாறியது: ஒரு வாரம் எந்த மட்டுறுத்துநரும் உள்ளே வரவில்லை என்றால் யாரும் சேரலாம் என்று திறந்திருக்கும் சர்வர் தானாகவே விண்ணப்பித்துக் காத்திருக்கும் முறைக்குப் போய்விடும்.

அடுத்து விதிகள். பத்து வரிக்குள், தமிழில், நேராகச் சொல்லுங்கள். புகார் செய்பவர் எந்த விதி மீறப்பட்டது என்று உங்கள் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுப்பார், அதனால் "நாகரிகமாகப் பேசவும்" என்பது போன்ற விதியால் பயனில்லை. அதை வைத்து யாரையும் தண்டிக்கவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. சாதி, பால், மதம் சொல்லி இழிவுபடுத்தக்கூடாது, மற்றவரின் முகவரி, தொலைபேசி எண், வேலை பார்க்கும் இடம் போன்றவற்றை வெளியிடக்கூடாது, வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவரைத் துரத்திப் பதில் போடக்கூடாது என்று செயலைச் சொல்லுங்கள்.

தமிழ் சர்வருக்கென்று ஒரு பெரிய நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். மாஸ்டடானை உருவாக்கியவர்களே நடத்தும் மாஸ்டடான் டாட் சோஷியல் சர்வரின் விதிகளில், இனவாதத்தோடு சாதியமும் கூடாது என்று பெயர்சொல்லி எழுதியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஒரு பதிவைப் படித்து, இது சாதியம் என்று கண்டுகொள்ள விதி மட்டும் போதாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருவர் தன் கல்லூரிப் பட்டமளிப்புப் படத்தைப் போடுகிறார். கீழே வேறொரு சர்வரிலிருந்து ஒரு பதில்: "உங்க தாத்தா என்ன வேலை பார்த்தார்னு ஊருக்கே தெரியுமே, வாழ்த்துகள்." இதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால், குடும்ப நண்பர் ஒருவரின் வாழ்த்து போலத்தான் வரும். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, வடிகட்டிக்குச் சிக்காது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர் யாரானாலும் அது என்ன செய்கிறது என்று படித்த நொடியில் தெரிந்துகொள்வார். ஊர்ப்பெயரை, தெருப்பெயரை, சாப்பாட்டை வைத்தும் இதே வேலையைச் செய்யலாம். அதேபோல மதுரையில் கிண்டலாக எடுத்துக்கொள்ளப்படும் ஒரு சொல் யாழ்ப்பாணத்தில் கைகலப்பில் முடியலாம், அங்கே சாதாரணமாகப் புழங்கும் ஒன்று இங்கே ஆளை உலுக்கலாம். உங்கள் மூன்று மட்டுறுத்துநர்களும் ஒரே ஊர், ஒரே பின்னணி, ஒரே வயது என்றிருக்க வேண்டாம். குறைந்தது ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பெண்களுக்கு வரும் தனிச்செய்திகளின் கொடூரத்தை ஆண்களுக்கு விளக்கிப் புரியவைக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

அந்தப் புகார் உங்களிடம் வந்தால் என்ன செய்யலாம்? எழுதியவர் வேறு சர்வர்காரர். அவருடைய கணக்கை நீங்கள் அழிக்க முடியாது, உங்கள் சர்வருக்குள் அவர் வராமல் செய்யலாம். புகாரை அவருடைய சர்வருக்கும் அனுப்பிவைக்கலாம். அனுப்பும்போது புகார் செய்தவரின் பெயர் போகாது, சர்வரின் பெயரில்தான் போகும், இதை உங்கள் பயனர்களிடம் சொல்லுங்கள், பயமில்லாமல் புகார் கொடுப்பார்கள். ஆனால் அங்கே இருக்கும் மட்டுறுத்துநருக்குத் தமிழ் தெரியாது. கூடவே நான்கு வரி ஆங்கிலத்தில், இது ஏன் சாதி வசை என்று விளக்கி அந்த சர்வரின் அட்மினுக்குத் தனியாக எழுதுங்கள். பெரும்பாலும் நன்றி சொல்லி நடவடிக்கை எடுப்பார்கள். இந்த நான்கு வரிதான் தமிழ் சர்வர் ஒன்று ஃபெடிவர்ஸுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் என்று நினைக்கிறேன்.

உங்கள் சொந்தப் பயனர் என்றால் படிப்படியாகப் போங்கள்: எச்சரிக்கை, பிறகு லிமிட் (அவர் பதிவுகள் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும்), கடைசியாக சஸ்பெண்ட் (கணக்கையே முடக்குவது). சஸ்பெண்ட் செய்தாலும் தரவு முப்பது நாள் இருக்கும், அதற்குள் முடிவை மாற்றலாம். பயனரும் இருபது நாளுக்குள் முறையீடு செய்யலாம். முறையீட்டை, முதலில் முடிவெடுத்தவர் பார்க்காமல் மற்ற இருவரில் ஒருவர் பார்க்கட்டும். அறுபது பேரும் நண்பர்கள் என்பதால் இது எளிது என்று நினைக்காதீர்கள், நண்பர்கள் என்பதால்தான் கடினம். உங்களுக்கு நெருங்கியவர் மேல் புகார் வந்தால் நீங்கள் ஒதுங்கிக்கொள்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு வரிக் காரணம் அந்தப் புகாரிலேயே குறிப்பாக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து "அன்றைக்கு அவரை விட்டீர்களே" என்று கேட்பார்கள், அப்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

அப்புறம் முழு சர்வர்களைத் தடுப்பது. ஒரு சர்வரை லிமிட் செய்தால் அதன் பதிவுகள் பொது ஓடையில் வராது, பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும். சஸ்பெண்ட் செய்தால் எல்லாத் தொடர்பும் அறும். பிறகு மனம் மாறித் தடையை எடுத்தாலும் அறுந்துபோன பின்தொடர்தல்கள் திரும்பி வராது. இதை மனதில் வைத்தே கைவையுங்கள். வெறுப்புக்கென்றே நடத்தப்படும் சர்வர்களில் யோசிக்க ஒன்றுமில்லை. 2019இல் தீவிர வலதுசாரிகளின் கேப் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது ஏராளமான சர்வர்கள் அதை உடனே தடுத்தன, சில செயலிகள்கூடத் தடுத்தன. கட்டற்ற மென்பொருளை யாரும் எடுத்து ஓட்டலாம், ஆனால் அவர்களோடு பேசியே ஆக வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அன்று நடைமுறையில் தெரிந்தது.

தடைப்பட்டியல்களைச் சிலர் பகிர்வார்கள். தொடக்கத்துக்கு உதவும், ஆனால் நூற்றுக்கணக்கான பெயர்களை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். சில பெயர்கள் ஏதோ ஒரு பழைய சண்டையில் நுழைந்தவையாக இருக்கும், காரணம் கேட்டால் பட்டியல் வைத்திருப்பவருக்கே நினைவிருக்காது. பல நம்பகமான சர்வர்கள் ஒருசேரத் தடுத்திருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை நீங்களே பார்த்து முடிவெடுங்கள். உங்கள் தடைப்பட்டியலைக் காரணத்தோடு அறிமுகப் பக்கத்தில் காட்டும் வசதி இருக்கிறது. காட்டுங்கள், பயனர்களுக்கு அது தெரிய உரிமை உண்டு. இன்னொன்று: தடுக்கப்பட்ட சர்வர் உங்கள் பொதுப் பதிவுகளைப் பின்வாசல் வழியாக எடுக்காமல் இருக்க, கையொப்பமிட்டுக் கேட்டால்தான் கொடுப்பேன் என்ற அமைப்பை இயக்க வேண்டும். துன்புறுத்தலுக்கு ஆளாகும் பயனர்கள் இருந்தால் இது அவசியம்.

மிகக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு இணைய ஆய்வகம் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், மாஸ்டடான் சர்வர்களிலிருந்து இரண்டு நாளில் எடுத்த ஏறக்குறைய 3,25,000 பதிவுகளில், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்கள் என்று ஏற்கெனவே அறியப்பட்டவற்றோடு 112 பொருத்தங்கள் கிடைத்தன. நான் மேலே சொன்ன நகல் விஷயத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள்: உங்கள் ஆட்கள் யாரும் எதுவும் செய்யாமலேயே, வெளியிலிருந்து வந்த ஒரு படம் உங்கள் வட்டில் உட்காரலாம். இப்படிப்பட்ட சர்வர்களின் படங்களை வாங்கவே வேண்டாம் என்று டொமைன் அளவில் நிறுத்தலாம், அறியப்பட்ட படங்களைக் கண்டுபிடிக்கும் சேவைகளையும் இணைக்கலாம். கண்ணில் பட்டால் யாருக்கும் அனுப்பாதீர்கள், மட்டுறுத்துநர் குழுவுக்குள்கூட "பார், இது சரியா" என்று பகிராதீர்கள். இந்தியாவில் போக்சோ சட்டப்படி இதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. யார் தெரிவிப்பது, என்னென்ன குறித்துக்கொள்வது என்பதைத் தொடங்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். இப்படிப்பட்ட படங்களைக் கண்டுபிடிக்க சர்வர்களுக்குப் பொதுவாக உதவிவந்த இஃப்டாஸ் என்ற அமைப்பு 2025இல் பணமில்லாமல் பெரும்பாலான சேவைகளை நிறுத்தியது. அது எனக்கு இன்னமும் வருத்தமாக இருக்கிறது.

சட்டம் என்று வரும்போது இன்னொன்று. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இந்தியாவில் இடைத்தரகர்களுக்கு, அதாவது மற்றவர்கள் எழுதுவதை வெளியிட இடம் தரும் தளங்களுக்கு, பொருந்தும். குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு வழியையும் வெளியிட வேண்டும், சில வகைப் புகார்களுக்குக் கெடு மணிக் கணக்கில்தான். ஐம்பது லட்சம் பயனருக்கு மேல் இருக்கும் தளங்களுக்கான கூடுதல் கடமைகள் உங்களைத் தொடாது.

தனிச்செய்திகளைப் பற்றி உங்கள் பயனர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மாஸ்டடானில் அவை பூட்டப்பட்டவை அல்ல, டேட்டாபேஸில் அப்படியே இருக்கும், சர்வருக்குள் போகக்கூடியவர் நினைத்தால் படிக்கலாம். 2023 மே மாதம் அமெரிக்காவில் கொலெக்டிவா என்ற சர்வரின் அட்மின் ஒருவர் வீட்டில், வேறொரு விவகாரமாக எஃப்பிஐ சோதனை நடத்தியது. பழுது பார்ப்பதற்காக அந்நேரம் அவர் கணினியில் பூட்டாத டேட்டாபேஸ் நகல் ஒன்று இருந்தது. அதுவும் போயிற்று, அதோடு அந்தப் பயனர்கள் எல்லோருடைய மின்னஞ்சல் முகவரிகளும் தனிச்செய்திகளும் போயின. பேக்கப்பை எப்போதும் குறியாக்கம் செய்தே வையுங்கள். சர்வர் சாவியை மட்டுறுத்துநர்கள் எல்லோருக்கும் தர வேண்டாம். புகார்களை மட்டும் பார்க்கும் பொறுப்பைத் தனியாகக் கொடுக்கும் வசதி 4.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

கடைசியாக, மூடுவதைப் பற்றி இப்போதே பேசிக்கொள்ளுங்கள். மாஸ்டடான் டாட் லோல் என்று ஆயிரக்கணக்கானோர் இருந்த சர்வரை, ஓயாத சண்டைகளையும் வசைகளையும் தாங்க முடியாமல் 2023இல் அதன் அட்மின் மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே ஆள் அத்தனையையும் சுமந்தால் அப்படித்தான் முடியும். மாஸ்டடான் தன் இணையதளத்தில் பட்டியலிடும் சர்வர்களுக்கு வைத்திருக்கும் உடன்படிக்கை நீங்கள் பட்டியலில் சேராவிட்டாலும் பின்பற்றத் தக்கது: தினசரி பேக்கப், அவசரத்துக்கு உள்ளே நுழையக்கூடிய இன்னொருவர், மூடுவதென்றால் மூன்று மாத முன்னறிவிப்பு. மட்டுறுத்துநர்கள் வாரம் மாறி வாரம் பொறுப்பெடுங்கள், பொறுப்பில்லாத வாரத்தில் புகார் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். பணத்தை ஒருவர் பையிலிருந்து போடாமல் அறுபது பேரும் வருடச் சந்தாவாகக் கொடுங்கள், கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

மூடும் நாள் வந்தால் பயனர்கள் வேறு சர்வருக்குக் கணக்கை நகர்த்தலாம். பின்தொடர்பவர்கள் தானாகக் கூட வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. பின்தொடரும் பட்டியல், தடைப்பட்டியல், புத்தகக்குறிகள் ஆகியவற்றைக் கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்ற வேண்டும், பதிவுகளைத் தனிக் காப்பகமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இதெல்லாம் நடக்கும், அந்த மூன்று மாதம் அதற்காகத்தான். எல்லோரும் போன பிறகு, எங்கள் கணக்குகளை அழித்துவிடுங்கள் என்று மற்ற சர்வர்கள் எல்லாவற்றுக்கும் சொல்லும் கட்டளை ஒன்று மாஸ்டடானில் இருக்கிறது. அதை ஓட்டிய உடனே சர்வரை அணைத்துவிடக்கூடாது. சைட்கிக் வரிசை காலியாகும்வரை சில நாட்கள் விட்டுவைத்து, அதன் பிறகே அணையுங்கள்.